வட்டத்துக்குள் வைத்த கை

காலையில் பாவு நீட்டி முடியும்வரை அந்தத் தெரு பெரியவர்களுடையது. பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, சிக்கெடுத்து, பதமாகச் சுருட்டிக்கொண்டு அவர்கள் தறிக்குழிக்குள் இறங்கியதும் தெரு பையன்கள் கைக்குப் போய்விடும்.

பூங்காவனம் வாசல் நிலையை ஒட்டி உள்பக்கமாக ராட்டையைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். புருஷன் தங்கவேலுவின் தறியில் ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா நிற்காமல் ஓட வேண்டுமானால் இவள் சின்னச் சின்னக் குழல்களில் நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கைக்குத்தான் வேலை. கண்ணுக்கு வேலை கிடையாது. கண் தெருவில் இருக்கும்.

தெருவில் இருந்த பையன்களைப் பார்க்கிறவர்களுக்கு அது கும்பலாகத்தான் தெரியும். தினமும் பார்த்த பூங்காவனத்துக்கு அது கும்பல் இல்லை. யார் வாளித் தண்ணீரில் முதலில் வாய் வைப்பது, யார் நிழலில் உட்காருவது, யார் வெயிலில் நிற்பது என்று எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு வரிசை இருந்தது. வரிசையின் தலையில் வீரபாகு. பாவும் ஊடையும் கொடுத்துத் தெருவுக்கே நெசவு நெய்யவைக்கும் சுப்பராயலு முதலியாரின் மகன். பன்னிரண்டு வயசு. அவன் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. ஒரு பார்வை பார்ப்பான். பக்கத்தில் இருக்கும் ஜெயவேல் எழுந்துபோய் ஒருவனை அறைந்துவிட்டு வருவான். அறை வாங்கியவன் தனக்கு இளைத்தவனைத் தேடிக்கொண்டு போவான். கூரையில் விழுந்த மழை ஓடு ஓடாக இறங்குகிற மாதிரி அந்த அடி இறங்கி இறங்கிக் கடைசியில் பொன்னுசாமி மேல் வந்து நிற்கும். அவனுக்குக் கீழே யாரும் இல்லை.

பொன்னுசாமி பூங்காவனத்தின் பிள்ளை. தாது வருஷப் பஞ்சத்தில் இரண்டு பெண் குழந்தைகளை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு அவளிடம் மிஞ்சியவன். ஒன்பது வயசு ஆகியும் உடம்பு ஏழு வயசைத் தாண்டவில்லை. முழங்கை உரிந்து வருவான், உதடு வீங்கி வருவான். கேட்டால் விழுந்துவிட்டேன் என்பான். சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது முதுகில் கன்றிப்போன இடம் கைக்குத் தட்டுப்படும். அங்கே மட்டும் மெதுவாகத் தேய்ப்பாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பான். இருவரும் அதைப்பற்றிப் பேசுவதில்லை.

தங்கவேலுவிடம் சொல்லிப் பார்த்தாள். ஆண்பிள்ளைகள் என்றால் அப்படித்தான், தானும் அடி வாங்கி வளர்ந்தவன்தான் என்றான். அவள் விடவில்லை. முதலியார் வீட்டுப் பையன்தான் எல்லாவற்றுக்கும் மூலம், நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றாள். தங்கவேலு தறியை நிறுத்தாமலே சொன்னான்:

"பாவு அந்த வூட்லேர்ந்து வருது. அத ஞாபகம் வெச்சிகினு பேசு."

அதோடு அவள் மனிதர்களிடம் சொல்வதை விட்டாள். படவேட்டு அம்மனிடம் மட்டும் சொல்லிக்கொண்டாள். என் பிள்ளை பெரிய ஆளாக வேண்டாம் தாயே, அவனை ஒருத்தரும் தொடாமல் இருந்தால் போதும் என்பாள்.

தை கழிந்து ஒரு நாள் தெருவுக்கு ஒரு புதுப் பையன் வந்து சேர்ந்தான். மாதா கோயில் பக்கத்துக் குடிசைகளில் இருந்து முதலியார் வீட்டுக்கு நூல் இழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பாக்கியமேரியின் அண்ணன் மகன். இன்னாசிமுத்து என்று பெயர். தெள்ளார் பக்கத்தில் ஏதோ ஊர். வீட்டில் எல்லாரும் பஞ்சத்தில் போய்விட, இவன் மட்டும் சர்க்கார் கஞ்சித்தொட்டியில் கிடந்து பிழைத்தவன். கறுப்புக் கயிற்றில் தேய்ந்துபோன மாதா சுரூபம் ஒன்று கழுத்தில் தொங்கும். தலை பெரிசு, கால் குச்சி. யார் எதைச் சொன்னாலும் முதலில் சிரித்துவிட்டுப் பிறகுதான் காதில் வாங்குவான்.

கிறிஸ்து வேதக்காரப் பையன், அப்பன் ஆத்தாள் இல்லாதவன், தெருவுக்கே அந்நியன். வரிசையில் அவன் எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வந்த அன்றைக்கே பொன்னுசாமிக்குக் கீழே போய்ச் சேர்ந்தான்.

அடுத்த சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கையில் பொன்னுசாமியின் முதுகு வழவழவென்று இருந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படியே. பூங்காவனத்துக்கு மனசு நிறைந்துபோயிற்று. காரணம் தெரியாமல் நிறையவில்லை, தெரிந்தேதான் நிறைந்தது. அந்தப் பையனின் கழுத்தில் கயிறு போட்டு மாடு மாதிரி ஓட்டுவதை அவள் பார்த்தாள். மேலே ஆள் ஏறிக்கொண்டு குதிகாலால் விலாவில் உதைப்பதைப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டே ஓடினான். மறுநாள் அவனாகவே திரும்பி வந்தான். தனியாகக் கிடப்பதற்கு அடி வாங்குவது மேல் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சிரிக்கிறானே, அவனுக்கே வலிக்கவில்லை போலிருக்கிறது என்று பூங்காவனம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ராட்டையைச் சுற்றினாள்.

அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாத ஒரு நாள் வந்தது. ஜெயவேல் மடியிலிருந்த பொரியைப் புழுதியில் கொட்டினான். கையால் தொடாமல் வாயால் பொறுக்கித் தின்ன வேண்டும் என்றார்கள். இன்னாசி மண்டியிட்டுப் பொறுக்கினான். விளையாட்டுக்குத் தின்பவன் மாதிரி தின்னவில்லை. பசியில் தின்றான். மண்ணும் பொரியுமாகச் சேர்த்து விழுங்கினான். அவன் பிடரியில் ஒரு கால் அழுத்திக்கொண்டிருந்தது. அது பொன்னுசாமியின் கால்.

பூங்காவனம் கையிலிருந்த இழையை அறுத்துப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினாள். மகனைப் பிடித்துத் தள்ளினாள். இன்னாசியைத் தூக்கி நிறுத்தினாள். வீரபாகுவைப் பார்த்தாள்.

"ரெண்டு வருசமா இதான்டா பாத்தோம், மனுசங்க மண்ணப் பொறுக்கித் துன்றத. இன்னும் பாக்கணுமா ஒங்களுக்கு?"

வீரபாகு எழுந்து நின்றான். "வெளையாட்டுக்குதாங்க. அவனேதான் துன்னான்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை. பொன்னுசாமியைப் பார்த்தான்.

அவள் இன்னாசியை வீட்டுப் பின்கட்டுக்கு அழைத்துப்போய்க் கேழ்வரகுக் கூழ் ஊற்றிக் கொடுத்தாள். மறுநாளும் வந்தான், கொடுத்தாள். பொன்னுசாமி முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தூணோரம் நின்றான். பிறகு கிட்டே வந்து உட்கார்ந்தான். நாலைந்து நாளில் இரண்டு பேரும் பின்கட்டில் பம்பரம் விடத் தொடங்கிவிட்டார்கள். இன்னாசி அதற்குமுன் பம்பரத்தைக் கையால் தொட்டதில்லை. சாட்டைக் கயிற்றை எப்படி நெருக்கிச் சுற்றுவது, எப்படி வீசி இழுப்பது என்று பொன்னுசாமி அதட்டி அதட்டிச் சொல்லிக் கொடுத்தான். தன் பிள்ளை இன்னொருவனுக்குச் சொல்லிக் கொடுப்பதைப் பூங்காவனம் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டாள். ஒருநாள் இன்னாசி விட்ட பம்பரம் அசையாமல் ஒரே இடத்தில் நின்று சுற்றியது.

"தூங்குதுடா" என்றான் பொன்னுசாமி.

இன்னாசி குனிந்து காதை வைத்துக் கேட்டான். பிறகு, "எந் தங்கச்சி இப்பிடிதான் தூங்கும், ஆடாம" என்றான். பொன்னுசாமி பம்பரத்தை எடுத்து மறுபடியும் அவன் கையிலேயே கொடுத்தான். அந்த நாட்களில் பூங்காவனம் அடுப்படியில் தனியாகப் பாடிக்கொண்டுகூட வேலை செய்தாள்.

தெரு அதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்கும்? பொன்னுசாமியை யாரும் அடிக்கவில்லை. அவனுக்கு நடந்தது வேறு. அவன் வந்து நின்றால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பேசினால் பேச்சு காதில் விழாத மாதிரி இருந்தார்கள். பந்து அவன் காலடியில் உருண்டு வந்தால் அவனைச் சுற்றிக்கொண்டு போய் எடுத்தார்கள். அவனுடைய பம்பரம் கிணற்றுக்குள் போயிற்று. யார் போட்டார்கள் என்று கேட்டான், பதில் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. எதிர்ச் சுவரில் முதுகை வைத்துக்கொண்டு வெயிலில் நிற்பான். விளையாட்டு முடிந்து எல்லாரும் போகும்வரை நின்றுவிட்டு வருவான். சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுவான். இன்னாசி பின்கட்டுக்கு வந்தால், தலை வலிக்கிறது என்று உள்ளே போய்ப் படுத்துக்கொள்வான்.

அடி வாங்கிக்கொண்டிருந்தபோதுகூடப் பிள்ளை இப்படி வாடியதில்லை என்பதைப் பூங்காவனம் பார்த்தாள். தான் போய்ப் பேசியதால் வந்த வினை இது என்றும் அவளுக்குத் தெரிந்தது.

பங்குனி வெயில் தாழ்ந்த ஒரு பொழுதில் தெருவிலிருந்து, "டேய் பொன்னுசாமி" என்று குரல் வந்தது. வீரபாகுவே கூப்பிட்டான். சுவரோரம் நின்றிருந்தவன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அவள் ராட்டையை நிறுத்தினாள். வீரபாகு அவன் கையில் ஒரு புதுப் பம்பரத்தை வைத்தான். சாயம் பூசியது, ஆணி நீளமானது.

புழுதியில் வட்டம் போட்டார்கள். ஆட்டத்தில் தோற்றவன் தன் பம்பரத்தை வட்டத்துக்குள் வைக்க வேண்டும், ஜெயித்தவன் தன் பம்பரத்தின் ஆணியால் அதைக் குத்தித் துளை போடுவான். அதுதான் வழக்கம். அன்றைக்கு இன்னாசியையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். யாரோ ஒரு ஓட்டைப் பம்பரத்தை ஆடுவதற்குக் கொடுத்தார்கள், அவன் தோற்றதும் பிடுங்கிக்கொண்டார்கள்.

"வட்டத்துல வைக்க ஒன்னாண்ட பம்பரம் ஏது?" என்றான் வீரபாகு. "பம்பரம் இல்லாதவன் கைய வையி."

இன்னாசி சிரித்தான். சுற்றிப் பார்த்தான். குத்தப் போகிறவன் பொன்னுசாமி என்று தெரிந்ததும் முகம் தெளிந்துவிட்டது. உட்கார்ந்து இடது கையைப் புழுதியில் விரித்து வைத்தான்.

பூங்காவனம் எழுந்திருக்கப் போனாள். முழங்காலில் கை ஊன்றிக்கூட விட்டாள். இன்னொரு தரம் நான் போனால் என் பிள்ளைக்கு இந்தத் தெருவே இல்லாமல் போய்விடும் என்ற நினைப்பு அவளைப் பிடித்து அழுத்தியது. அடிக்கமாட்டான் என்றும் நினைத்தாள். கூடவே உட்கார்ந்து கூழ் குடித்த கை அது, அதைக் குத்தமாட்டான்.

பொன்னுசாமி கையை ஓங்கினான். ஒரு கணம் வாசல் பக்கம் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு குத்தினான்.

இன்னாசி கத்தவில்லை. கையை எடுத்து நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, எதிரில் நிற்பவன் யார் என்று அடையாளம் தெரியாதவன் மாதிரி பொன்னுசாமியைப் பார்த்தான். விரல்களுக்கிடையில் ரத்தம் இறங்கியது. பிறகு எழுந்து மாதா கோயில் பக்கமாக நடந்து போனான். வீரபாகு பொன்னுசாமியின் தோளில் கை போட்டான். பையன்கள் கூடி நின்று ஆரவாரம் செய்தார்கள். பிள்ளையின் முகத்தில் வெட்கமோ அழுகையோ வரும் என்று பூங்காவனம் காத்திருந்தாள். தாகத்தில் கிடந்தவனுக்குத் தண்ணீர் கிடைத்தால் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது அவன் முகம்.

அன்றைக்கு அவனை அடித்தாள். அதுவரை அவள் அவனை அடித்ததே இல்லை. அவன் வாங்கிக்கொண்டு நின்றான். பழகிய உடம்பு.

மஞ்சளும் விளக்கெண்ணெயும் எடுத்துக்கொண்டு மறுநாள் பாக்கியமேரியின் குடிசைக்குப் போனாள். வேலி ஆணியில் விழுந்துவிட்டானாம், சொல்லச் சொல்லக் கேட்காமல் ஓடுகிறான் என்று பாக்கியமேரி குறைபட்டுக்கொண்டாள். இன்னாசி துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தான். பூங்காவனம் அதைத் திருத்தவில்லை. எண்ணெயைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். அவன் அதற்குப் பிறகு கூழ் குடிக்க வரவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். காயத்தின் மேல் பொருக்குக் கட்டி ஆறிவருகிற மாதிரி இருந்ததாம். திடீரென்று ஒரு காலையில் வாயைத் திறக்க முடியவில்லை என்று சைகை காட்டியிருக்கிறான். கஞ்சி ஊற்றினால் பல்லைத் தாண்டிப் போகவில்லை. வைத்தியர் வந்து பார்த்து, தனுர்வாத ஜன்னி, இதற்கு மருந்து இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பூங்காவனம் ஓடிப்போய்ப் பார்த்தபோது பிள்ளையின் உடம்பு வில்லாக வளைந்து பிடரியும் குதிகாலும் மட்டும் பாயில் பட்டுக்கொண்டிருந்தன. முகத்துச் சதை இழுத்துக்கொண்டு பல் தெரிந்தது. எப்போதும் சிரிக்கிறவன் அப்போதும் சிரிக்கிற மாதிரியே இருந்தான். கண்தான் அழுதது. அவளைப் பார்த்துவிட்டு அந்தக் கண் வாசற்படிப் பக்கம் போயிற்று, கூட வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று. யாரும் வந்திருக்கவில்லை.

மறுநாள் விடியும் முன் போய்விட்டான். மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மூலையில் புதைத்தார்கள்.

தெருவில் இரண்டு நாள் சத்தம் இல்லை. மூன்றாம் நாள் பையன்கள் மறுபடி கூடினார்கள். பூங்காவனம் ராட்டையில் கை வைத்தபடி பார்த்தாள். ஜெயவேல் தள்ளி உட்கார்ந்து வீரபாகுவின் பக்கத்தில் இடம் விட்டிருந்தான். பொன்னுசாமி போய் அங்கே உட்கார்ந்தான். அவன் கையில் இருந்த பம்பரத்தைச் சின்னப் பையன்கள் எட்ட நின்று பார்த்தார்கள். அவன் எழுந்தபோது வழிவிட்டார்கள். ஒருவர் கையும் அவன் மேல் படவில்லை. அம்மனிடம் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. ராட்டையைத் தள்ளிவிட்டு உள்ளே போய்ச் சுவரில் தலையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பாக்கியமேரியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அவள் சொன்னபோது தங்கவேலு பதறிப்போனான். முதலியாரும் பிள்ளைகள் விளையாட்டு, யாரும் பெரிசு பண்ண வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். செத்த பிள்ளை திரும்பி வரப்போவதில்லை, இருக்கிற பிள்ளைக்கு ஆயுசுக்கும் கொலைகாரன் என்று பெயர் வாங்கிக் கொடுக்கப் போகிறாயா என்று தங்கவேலு கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை என்று அவளுக்குப் பட்டது. ஆனாலும் பிள்ளை இன்னும் ஒருநாள் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தால் பிறகு அவன் தனக்குக் கிடைக்கவே மாட்டான் என்று தோன்றியது. புருஷன் நூல் வாங்கப் போயிருந்த வேளையில் பொன்னுசாமியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

குடிசை வாசலில் பாக்கியமேரி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வந்தவாசிப் பக்கம் ஒரு தங்கை வீட்டுக்குப் போகிறாளாம். இனி இங்கே யாருக்காக இருப்பது என்றாள். பூங்காவனம் மகனை முன்னால் தள்ளினாள். "சொல்லுடா."

அவன் பாடம் ஒப்பிக்கிறவன் மாதிரிச் சொன்னான்: "அவன் வேலில வியிந்துடல. நான்தான் குத்துனேன். பம்பரத்தால."

பாக்கியமேரி கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். மறுபடி பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"எங்கிட்ட வியிந்துட்டேன்னுதான் சொன்னான். வாயி கட்டிக்கிற வரைக்கும் அதான்க்கா சொன்னான்." பூங்காவனத்தைப் பார்த்துச் சொன்னவள் பிறகு பையனிடம் திரும்பினாள். "பொன்னுசாமி எனுக்கு பம்பரம் வுட கத்துக் குடுக்கறான் அத்தேன்னு ராவெல்லாம் சொல்லிகினு இருப்பான். அவன ஏன் கண்ணு குத்துன?"

பொன்னுசாமியின் உதடு கோணியது. "கைய எடுத்துக்குவான்னு நெனச்சேன்" என்றான்.

பாக்கியமேரி அவனைக் கிட்டே இழுத்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்து அவன் கண்ணை மூடிக்கொண்டு தோளைக் குறுக்கினான். அவள் அவனுடைய வலது கையை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். சின்னக் கை, நகத்தில் அழுக்கு. பார்த்துவிட்டுக் கீழே விட்டாள்.

"கூட்டிகினு போங்கக்கா" என்றாள். திட்டவில்லை, சாபம் விடவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. மூட்டை முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.

திரும்பி வரும் வழியில் வெயில் மண்டையைப் பிளந்தது. பிள்ளை இப்போது அழுவான் என்று பூங்காவனம் ஒவ்வொரு அடிக்கும் எதிர்பார்த்தாள். அழட்டும், உட்கார வைத்து அழவிடுவோம், மடியில் போட்டுக்கொண்டு தானும் அழுவோம் என்று நினைத்தபடியே நடந்தாள். ஏழெட்டுப் புளியமரங்கள் நின்ற இடத்தில் அவன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

"அம்மா."

"இன்னாடா கண்ணு?"

"நாம இங்க வந்தத வீரபாகுகிட்ட சொல்லாத."

பூங்காவனம் நடக்க முடியாமல் மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. அது தன்னுடைய குரல் என்று அவளுக்கே தெரியவில்லை. பொன்னுசாமி முதலில் பயந்து கிட்டே வந்தான். தெருமுனைப் பக்கம் ஆள் நடமாட்டம் கேட்டதும் விலகிப் போய்க் கொஞ்ச தூரத்தில், அவளோடு வராதவன் மாதிரி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.